களர் வேறு, உவர் வேறு: உப்பு மண்ணில் ஜிப்சம் எப்போது பயிரைக் காக்கும்?

வயலில் வெள்ளை படர்ந்தால் ஜிப்சம் இட வேண்டும் என்பது நாட்டின் பல பகுதிகளில் விவசாயிகளிடையே நிலவும் பொதுவான கருத்து. உப்பால் பாதிக்கப்பட்ட நிலங்களில் பாதிக்குச் சற்று அதிகமானவற்றுக்கு அது சரியான மருந்து. எஞ்சியவற்றுக்கு அது பெரும்பாலும் வீண் செலவு. எந்த நிலம் எந்த வகை என்பதை அறியாமல் மூட்டை மூட்டையாக ஜிப்சத்தைக் கொட்டிவிட்டு, அடுத்த பருவத்திலும் பயிர் கருகுவதைக் கண்டு, மருந்தையே குறை கூறுவது பல இடங்களில் நடக்கிறது.

இந்தியாவில் சுமார் 67 லட்சம் எக்டேர் நிலம் உப்பால் பாதிக்கப்பட்டுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் ஏறத்தாழ 38 லட்சம் எக்டேர் களர் நிலம். ஏறத்தாழ 30 லட்சம் எக்டேர் உவர் நிலம். மொத்தப் பரப்பில் குஜராத் முதலிடத்திலும் உத்தர பிரதேசம் அடுத்த இடத்திலும் உள்ளன. மகாராஷ்டிரம், மேற்கு வங்கம், ராஜஸ்தான், தமிழ்நாடு ஆகியவையும் பட்டியலில் முன்வரிசையில் இருக்கின்றன.

உத்தர பிரதேசத்தில் இத்தகைய நிலத்தை 'ஊசர்' என்றும், பஞ்சாபில் 'கல்லர்' என்றும், மேற்பரப்பில் படியும் உப்புப் பொடியை 'ரேஹ்' என்றும் அழைக்கின்றனர். தமிழில் 'களர்', 'உவர்' என இரண்டு தனிச் சொற்கள் உள்ளன. கல்லாதவரைப் பயன் தராத களருக்கு ஒப்பிடுகிறது திருக்குறள். இன்றைய மண்ணியல் இந்த இரு சொற்களையும் வெவ்வேறு நோய்களின் பெயர்களாகவே கையாள்கிறது. சிகிச்சை தொடங்க வேண்டிய இடமும் அந்த வேறுபாடுதான்.

இரு நோய்கள்

உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அளவுக்கு மீறி இருக்கும். சோடியம் குளோரைடு மட்டுமன்றி, கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் குளோரைடுகளும் சல்பேட்டுகளும் மண்நீரில் கலந்திருக்கும். நிலத்தில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. உப்பின் அடர்த்தி வெளியே அதிகமாக இருப்பதால் நீர் வேருக்குள் நுழையத் தயங்குகிறது. செடி தண்ணீர் நடுவே தாகத்தால் வாடுகிறது. நாளடைவில் சோடியமும் குளோரைடும் இலைகளில் சேர்ந்து நுனி கருகத் தொடங்கும்.

இதை அளக்கும் கருவி மின்கடத்துதிறன். மண்ணின் நிறைசாற்றில் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டினால் அது உவர் நிலம். ஆனால் பயிருக்குப் பயிர் தாங்கும் எல்லை வேறுபடும். அவரையினப் பயிர்களில் பீன்ஸ் 1 டெசிசைமனிலேயே விளைச்சலை இழக்கத் தொடங்கும். நெல்லின் எல்லை 3; கோதுமைக்கு 6; பருத்திக்கும் பார்லிக்கும் 8 என்ற அளவு. எல்லையைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு டெசிசைமனுக்கும் நெல்லின் மகசூல் சுமார் 12 விழுக்காடு குறைகிறது. பார்லியில் 5 விழுக்காடு மட்டுமே குறைகிறது.

களர் நிலத்தின் கதை வேறு. அங்கே கரையும் உப்பு அதிகமாக இல்லாமலும் இருக்கலாம். களிமண் துகள்களின் மேற்பரப்பைச் சோடியம் பற்றிக்கொண்டிருப்பதுதான் சிக்கல். சாதாரண மண்ணில் அந்த இடங்களில் கால்சியமும் மக்னீசியமும் அமர்ந்து துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும். பரிமாற்ற இடங்களில் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டும்போது அந்தப் பிணைப்பு குலைகிறது. நீர் பட்டதும் துகள்கள் தனித்தனியாகச் சிதறி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். மழைநீர் கீழே இறங்காமல் நாள்கணக்கில் கலங்கி நிற்கும். காய்ந்தால் தரை கல்லாக இறுகும். காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறும்.

இதோடு கார்பனேட், பைகார்பனேட் உப்புகளால் அமில-கார நிலை 8.5-ஐத் தாண்டி, சிந்து-கங்கைச் சமவெளியின் மோசமான நிலங்களில் 10-க்கும் மேலே செல்கிறது. அந்த அளவில் துத்தநாகம், இரும்பு போன்ற ஊட்டச்சத்துகள் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை.

சுருங்கக் கூறின், உவர் நிலத்தில் நோய் மண்நீரில் இருக்கிறது. களர் நிலத்தில் நோய் மண்ணின் துகளிலேயே இருக்கிறது. முன்னதைக் கழுவி வெளியேற்றலாம். பின்னதை எத்தனை முறை கழுவினாலும் போகாது. முதலில் சோடியத்தை அதன் இருக்கையிலிருந்து எழுப்பியாக வேண்டும்.

ஜிப்சம் செய்யும் வேலை

அந்த வேலையைச் செய்வது கால்சியம். ஜிப்சம் என்பது நீரேற்றம் பெற்ற கால்சியம் சல்பேட். அது கரையும்போது வெளிப்படும் கால்சியம், களிமண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்கிறது. விலக்கப்பட்ட சோடியம், சல்பேட்டுடன் சேர்ந்து எளிதில் கரையும் சோடியம் சல்பேட்டாக மாறுகிறது. அதன் பிறகு பாய்ச்சும் நீர் அதை வேர் மண்டலத்துக்குக் கீழே இறக்கிவிடும். சிதறிய துகள்கள் மீண்டும் திரண்டு, நுண்துளைகள் திறக்கின்றன.

கால்சியம்தான் தேவை என்றால் சுண்ணாம்பு போதாதா என்ற கேள்வி எழலாம். போதாது. கால்சியம் கார்பனேட்டான சுண்ணாம்புப் பொடி அமில மண்ணில்தான் நன்கு கரையும். காரத்தன்மை மிகுந்த மண்ணில் அது அப்படியே கிடக்கும். உண்மையில் சிந்து-கங்கைச் சமவெளியின் களர் நிலங்களில் சுக்கான் கற்களாகச் சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய உள்ளது. கரையாததால் அது பயிருக்கும் பயன்படுவதில்லை, மண்ணையும் திருத்துவதில்லை.

கால்சியத்துக்கு இன்னொரு பணியும் உண்டு. வேரின் உயிரணுச் சவ்வு சோடியத்தை வெளியே நிறுத்திப் பொட்டாசியத்தை உள்ளே விடும் திறனைப் பெறுவதற்குக் கால்சியம் தேவை. அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் தாவரவியலாளர் இமானுவேல் எப்ஸ்டீனும் லாஹேயும் பீன்ஸ் செடிகளைக் கொண்டு செய்த ஆய்வு 1969-இல் வெளியானது. கடல்நீரில் சுமார் பத்தில் ஒரு பங்கு உப்புச் செறிவுள்ள கரைசலில் கால்சியம் குறைவாக இருந்தபோது செடிகள் பாதிக்கப்பட்டன. போதிய கால்சியம் இருந்தபோது இலைகளுக்குள் சோடியம் பாய்வது தடுக்கப்பட்டது.

அதே 1969-ஆம் ஆண்டில்தான் ஹரியானா மாநிலம் கர்னாலில் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் இந்நிறுவனம் உருவாக்கிய களர் நிலச் சீரமைப்பு முறையால் பஞ்சாப், ஹரியானா, உத்தர பிரதேச மாநிலங்களில் சுமார் 20 லட்சம் எக்டேர் நிலம் சாகுபடிக்குத் திரும்பியுள்ளது. இந்திய வேளாண்மையின் பெரிய சாதனைகளில் ஒன்றான இது பசுமைப் புரட்சி அளவுக்குப் பேசப்படுவதில்லை.

முறையில் வரிசை முக்கியம். முதலில் நிலத்தைச் சமன்படுத்தி, உறுதியான வரப்பு எடுக்க வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் நீர் ஒருபுறமே நிற்கும். மேட்டுப் பகுதியில் சோடியம் அப்படியே தங்கிவிடும். அடுத்து, மண் ஆய்வில் தெரியவரும் அளவுக்கு ஜிப்சத்தைத் தூவி, மேல் 10 செ.மீ. மண்ணில் மட்டும் கலக்க வேண்டும். ஆழமாக உழுது கலப்பது நல்லது என்று தோன்றினாலும், அது தவறு. கால்சியம் ஆழம் முழுவதும் பரவி நீர்த்துப்போவதால் எந்த அடுக்கும் முழுமையாகத் திருந்தாது. அதன் பின் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை வயலில் நீரைத் தேக்கி வைத்து, பிறகே நெல் நாற்று நட வேண்டும்.

கடும் களர் நிலத்துக்கு எக்டேருக்கு 10 முதல் 15 டன் வரை, அதாவது ஏக்கருக்கு 4 முதல் 6 டன் வரை ஜிப்சம் தேவைப்படும். இதுவே ஆய்வக அளவையில் கிடைக்கும் முழுத் தேவையில் பாதிதான். மீதிப் பாதியை நெல் பார்த்துக்கொள்கிறது. தேங்கிய நீரில் நெல் வேர்கள் வெளியிடும் கரியமில வாயு, மண்ணில் உறங்கிக்கொண்டிருக்கும் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கிறது. அதனால்தான் முதற்பயிர் நெல், அடுத்தது கோதுமை என்ற வரிசை பரிந்துரைக்கப்படுகிறது. உவர் நிலத்தில் 3 டெசிசைமனுக்கே தளரும் அதே நெல், களர் நிலத்தில் சீரமைப்புப் பயிராக விளங்குகிறது என்பது இரு நோய்களும் எவ்வளவு வேறானவை என்பதற்குப் போதிய சான்று.

நீரின் அளவைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ இரண்டரை கிராம் ஜிப்சமே கரையும். 10 டன் கரைய வேண்டுமெனில் ஓர் எக்டேரில் 40 செ.மீ. உயரத்துக்கு நீர் வேண்டியிருக்கும். கரைந்த கால்சியத்தைக் களர் மண் உடனுக்குடன் பற்றிக்கொள்வதால் நடைமுறையில் இதைவிடக் குறைவான நீரே போதுமானதாகிறது. இருப்பினும், நீர் இல்லாத இடத்தில் ஜிப்சம் வெறும் வெள்ளைப் பொடி.

நடவிலும் சில மாற்றங்கள் தேவை. நாற்றின் வயது 35 முதல் 40 நாளாக இருக்கலாம், இளநாற்று தாங்காது. குத்துக்கு மூன்று நான்கு நாற்றுகள் நட வேண்டும். தழைச்சத்தை வழக்கத்தைவிடக் கால் பங்கு கூட்டியும், எக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டும் இடப் பரிந்துரைக்கப்படுகிறது. சி.எஸ்.ஆர். 10, சி.எஸ்.ஆர். 36 போன்ற நெல் ரகங்களும், கே.ஆர்.எல். 19, கே.ஆர்.எல். 210 போன்ற கோதுமை ரகங்களும் இதற்கெனவே கர்னாலில் உருவாக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் திருச்சி நாவலூர் குட்டப்பட்டிலுள்ள வேளாண் கல்லூரி, களர் மண்ணிலேயே அமைந்திருப்பதால், திருச்சி 1, திருச்சி 3 உள்ளிட்ட நெல் ரகங்களை அந்த மண்ணிலேயே சோதித்து அளித்துள்ளது. தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஜிப்சத்தின் அளவையும் குறைக்கலாம் என்பது சிறு விவசாயிகளுக்கு முக்கியமான செய்தி. சீரமைப்புச் செலவில் பெரும்பகுதி ஜிப்சத்துக்கே போகிறது.

மாற்றுப் பொருட்கள்

இந்தியாவில் கனிம ஜிப்சம் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து கிடைக்கிறது. உர ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது உபபொருளாகக் கிடைக்கும் பாஸ்போஜிப்சமும் பயன்படுகிறது. அது நுண்மையானது, விரைவில் கரையும். ஆனால் புளூரைடு போன்ற மாசுகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் தரம் பார்த்து வாங்க வேண்டும்.

கந்தகம் இன்னொரு வழி. அது கால்சியத்தைத் தானே தருவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்க, அந்த அமிலம் மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்து ஜிப்சத்தை அங்கேயே உண்டாக்கும். ஒரு டன் ஜிப்சத்துக்கு ஈடாக ஏறத்தாழ 190 கிலோ கந்தகம் போதும் என்பதால் போக்குவரத்துச் செலவு மிச்சம். ஆனால் நுண்ணுயிர் வேலைக்கு ஈரமும் காற்றும் அவகாசமும் தேவை. நீரைத் தேக்கிவிட்டால் அது நின்றுபோகும். ஆகவே நடவுக்குச் சில வாரங்கள் முன்பே இட வேண்டும். சுண்ணாம்பே இல்லாத மண்ணில் இந்த வழி பயன் தராது. பீகாரின் அம்ஜோர் பகுதியில் கிடைத்த பைரைட் தாதுவும் இதே அடிப்படையில் ஒரு காலத்தில் பயன்படுத்தப்பட்டது.

சர்க்கரை ஆலையில் சாறு தெளிவிக்கும்போது மிஞ்சும் கசடு, தொழுவுரம், தக்கைப்பூண்டை மடக்கி உழுத பசுந்தாள் உரம் ஆகியவை ஜிப்சத்தின் வேலையை விரைவுபடுத்துகின்றன. மட்கும்போது வெளிப்படும் கரியமில வாயுவும் கரிம அமிலங்களும் சுண்ணாம்பைக் கரைக்கின்றன. ஆலைக் கசடை வாங்குவோர் ஒன்றைக் கேட்டறிவது நல்லது. கந்தக முறையில் சாறு தெளிவிக்கும் ஆலையின் கசடு களருக்கு உதவும். கார்பனேட் முறை ஆலையின் கசடில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு என்பதால் களர் மண்ணில் அதற்கு மதிப்புக் குறைவு.

மரம் வளர்க்க விரும்புவோர் வயல் முழுவதையும் திருத்த வேண்டியதில்லை. துளைப்பான் கொண்டு சுமார் ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குக் குறுகிய குழி இட்டு, அடியிலுள்ள சுக்கான் அடுக்கைத் துளைத்து, குழி மண்ணோடு 2 முதல் 3 கிலோ ஜிப்சமும் சுமார் 8 கிலோ தொழுவுரமும் கலந்து நிரப்பிக் கன்று நடுவது கர்னால் நிறுவனம் பரப்பிய முறை. வேர் கெட்டியான அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டால் மரம் தப்பித்துக்கொள்ளும். நெல்லி, கொய்யா, இலந்தை ஆகியவை இவ்வாறு வளர்க்கப்படுகின்றன.

உவர் நிலத்துக்கு வழி வடிகால்

உவர் நிலத்தில் ஏற்கெனவே கால்சியம் போதிய அளவில் இருக்கும். குறைவது வெளியேறும் பாதை. நிலத்தடி நீர் மேலே உயர்ந்து, வெயிலில் ஆவியாகி, உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. அங்கே ஜிப்சத்தைக் கொட்டுவது உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்ப்பதாகும். நல்ல நீரைப் பாய்ச்சிக் கழுவ வேண்டும். கழுவிய நீர் போவதற்கு இடம் வேண்டும். 1980-களில் ரோத்தக் மாவட்டம் சாம்ப்லாவில் நடந்த சோதனைகள் முதல், துளையிட்ட குழாய்களை வடிகட்டித் துணியால் சுற்றி ஒன்றரை மீட்டர் அளவு ஆழத்தில் பதிக்கும் முறை ஹரியானாவில் பின்பற்றப்படுகிறது. ஒரு விவசாயி தன் வயலில் மட்டும் இதைச் செய்ய இயலாது. பல வயல்கள் சேர்ந்து குழாய் பதித்து, நீரை இறைத்து, அந்த உப்புநீரை விடுவதற்கு ஓர் ஓடையையும் கண்டறிய வேண்டும். உரமூட்டை போலக் கடையில் வாங்க முடியாத மருந்து இது.

வடிகாலுக்கு வழியில்லாத கடலோரத் தாழ்நிலங்களில் நோக்கம் சிறியது: ஆவியாவதைக் குறைப்பது. 2009 மே மாதம் அய்லா புயலில் கடல்நீர் புகுந்த சுந்தரவனத்தின் கோசாபா பகுதியில், சம்பா நெல் அறுவடைக்குப் பின் உழாமலேயே ஈரச் சேற்றில் உருளைக்கிழங்கு விதைத்து, வைக்கோலைத் தடிமனாகப் பரப்பும் முறை சோதிக்கப்பட்டுப் பரவி வருகிறது. வைக்கோல் ஈரத்தைக் காக்கிறது. உப்பு மேலே ஏறுவது தணிகிறது.

களரும் உவரும் கலந்த நிலம் தனி எச்சரிக்கைக்கு உரியது. அங்கே ஜிப்சம் இடாமல் நீரால் மட்டும் கழுவினால், கரையும் உப்பு போய்விடும். சோடியம் துகள்களிலேயே தங்கிவிடும். அதுவரை ஓரளவு நீர் இறங்கிய நிலம் அதன் பின் முழுக் களராக இறுகிவிடும்.

அட்டையிலுள்ள இரு எண்கள்

2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் வழங்கப்படும் அட்டையில் 12 அளவீடுகள் உள்ளன. அவற்றில் அமில-கார நிலை, மின்கடத்துதிறன் ஆகிய இரண்டையும் சேர்த்துப் படித்தால் நோய் ஓரளவு புலப்படும். முதல் எண் 8.5-க்கு மேல், இரண்டாவது குறைவு எனில் களர். முதலாவது அதற்குக் கீழ், இரண்டாவது அதிகம் எனில் உவர். இரண்டும் அதிகம் எனில் கலப்பு நிலம். எவ்வளவு ஜிப்சம் தேவை என்பது அட்டையில் இருக்காது. அதற்கு ஆய்வகத்தில் தனிச் சோதனை கேட்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளையிலுள்ள மழைநீரில் அசைக்காமல் போட்டு, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கி, அந்தக் கலக்கம் தெளியாமல் நின்றால் களர்த்தன்மை இருக்கக்கூடும். குழாய்நீர் அல்லது கிணற்றுநீரில் சோதித்தால் அதிலுள்ள உப்பே முடிவை மறைத்துவிடும்.

மண்ணோடு பாசன நீரையும் சோதிப்பது அவசியம். பஞ்சாப், ஹரியானாவின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்துள்ளது. திருத்திய நிலத்துக்கு அந்நீரைப் பாய்ச்சுவது சோடியத்தை மீண்டும் அழைத்து வருவதாகும். ஜிப்சக் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாக நீரைச் செலுத்தி, கால்சியம் ஏற்றிய பிறகு வயலுக்கு விடுவது இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு.

மீண்டும் களராகும் நிலங்கள்

உத்தர பிரதேசத்தில் உலக வங்கி உதவியுடன் 1993-இல் தொடங்கிய களர் நிலச் சீரமைப்புத் திட்டம், பூமி சுதார் நிகம் வாயிலாகப் பல கட்டங்களாக நடந்தது. பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள். வேறு யாரும் விரும்பாத களர் நிலமே ஏழைகளுக்குப் பட்டாவாகக் கிடைத்த நிலம் என்பது பல கிராமங்களின் வரலாறு. ஒன்றும் விளையாத மண்ணில் முதல் ஆண்டிலேயே நெல் அறுவடையாவது அக்குடும்பங்களுக்கு வெறும் புள்ளிவிவரமாக இருந்திருக்க முடியாது.

ஆனால் அந்த வெற்றி எல்லா இடங்களிலும் நிலைக்கவில்லை. சாரதா சகாயக் கால்வாய் பாயும் ரேபரேலி, லக்னோ சுற்றுவட்டாரங்களில் கால்வாய்க் கசிவால் நிலத்தடி நீர் தரையை நெருங்கியுள்ள இடங்களில், ஜிப்சம் இட்டுத் திருத்திய நிலங்களில் ஒரு பகுதி மீண்டும் களராகி வருகிறது. கீழே இறக்கிவிடப்பட்ட சோடியம், உயரும் நீரோடு மேலே ஏறி வருகிறது. கால்வாய் வந்த பின் நிலம் கெடுவது புதிதும் அன்று. மேற்கு யமுனைக் கால்வாய்ப் பகுதியிலிருந்து இத்தகைய புகார்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுந்தன. இதற்கு நேர்மாறாக, நெல்லுக்கு ஆழ்துளைக் கிணறுகள் இடைவிடாது இறைத்த பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் நிலத்தடி நீர் தாழ்ந்ததால் களர் திரும்பவில்லை. அங்கே தண்ணீரே தீர்ந்துவருவது வேறு கவலை.

இந்தக் கால்வாயோர நிலங்களுக்காகக் கர்னால் நிறுவனத்தின் லக்னோ மண்டல நிலையம் மண்ணையே இடம் மாற்றும் முறையைச் சோதித்துள்ளது. நிலத்தின் ஒரு பகுதியில் குளம் தோண்டி, அந்த மண்ணை அருகில் பரப்பி வயலை உயர்த்துகின்றனர். களர் மிகுந்த மேல்மண்ணை அடியிலும், குளத்தின் ஆழத்திலிருந்து எடுத்த களர் குறைந்த மண்ணை மேலேயும் இடுகின்றனர். உயர்ந்த வயலில் நெல், கோதுமை, காய்கறி விளைகின்றன. கால்வாயிலிருந்து கசிந்து வரும் நீர் தேங்கும் குளத்தில் மீன் வளர்க்கப்படுகிறது.